சிந்திய பசையின் கதை

உங்கள் ஷூவை ஒரு தடவை கழற்றிக் கவிழ்த்துப் பாருங்களேன். (சாக்ஸ் விஷயத்தை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்!) மேல்பாகமும் அடிப்பாகமும் சேருகிற இடத்தில் தையல் தெரிகிறதா? ஆணி தெரிகிறதா? பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. பஸ்ஸுக்கு ஓடும்போதும், படியில் குதிக்கும்போதும் உங்கள் ஷூ பிய்ந்து போகாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு கோடு பசை. அவ்வளவுதான்.

அந்தப் பசைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கொஞ்சம் பயங்கரமான சரித்திரம்.

பாலாற்றங்கரை ஆம்பூரை உங்களுக்கு பிரியாணியால் தெரிந்திருக்கும். உலகத்துக்குத் தெரிந்தது தோலால். ஆவாரம் பட்டையை ஊறவைத்த தண்ணீரில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதப்படுத்தி, கட்டுக் கட்டாகக் கப்பலேற்றிய வட்டாரம் அது. அந்தக் காலத்தில் பசைக்கு அங்கே வேலையே கிடையாது. சொல்லப் போனால், பசைக்கான சரக்கைக் கொடுக்கிற தொழில் அது! தோலின் உட்புறத்தில் சுரண்டியெடுத்த கழிவையும் வெட்டியெறிந்த ஓரங்களையும் வேகவைத்துக் காய்ச்சினால் கிடைப்பதுதான், தச்சர்கள் பல தலைமுறையாகப் பயன்படுத்திய வஜ்ஜிரம். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால், பரம சாது. மேஜையில் கொட்டிவிட்டால் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டுப் போகலாம்.

நிலைமை மாறியது 1970-களில். 'தோலை அரைகுறையாகப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பினால் லாபமெல்லாம் வெளிநாட்டானுக்குத்தானே போகிறது?' என்ற கேள்வி டெல்லியில் எழுந்தது. 1972-ல் சீதாராமையா கமிட்டி அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடமே அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம். தோலை ஷூவாக்கி அனுப்பினால் சலுகை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் ஷாப்புகளுக்குப் பக்கத்தில் ஷூ ஃபேக்டரிகள் முளைத்தன. கட்டிங், ஸ்டிச்சிங், பேஸ்டிங், லாஸ்டிங் என்று புதுப்புது சொற்கள். மேஜைகளில் வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு டப்பா, ஒரு பிரஷ்.

டப்பாவுக்குள் இருந்தது வஜ்ஜிரம் இல்லை. ரப்பர் பசை. சைக்கிள் பஞ்சர் கடையில் மூக்கைத் துளைக்குமே 'சொல்யூஷன்', அதன் பெரியண்ணன்.

இதன் பூர்வீகம் அமெரிக்கா. 1930-ல் டூபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸின் குழு செயற்கை ரப்பர் ஒன்றைக் கண்டுபிடித்தது. பின்னாளில் அதன் பெயர் நியோப்ரீன். அதைக் கரைத்து இரண்டு பக்கமும் தடவி, சற்றே உலரவிட்டு அழுத்தினால்... பிடித்தது பிடித்ததுதான். ஷூ தொழிலுக்கு வேறென்ன வேண்டும்?

வில்லங்கம் ரப்பரில் இல்லை. 'கரைத்து' என்று போகிற போக்கில் சொன்னேன் பாருங்கள், அதில்தான். எதில் கரைப்பது? மலிவாகவும் சீக்கிரம் உலர்வதாகவும் இருக்க வேண்டும். பென்சீன் கைகொடுத்தது.

துருக்கியில் 1950-களின் பிற்பாதியில் ஷூ பட்டறைகளுக்குள் பென்சீன் கலந்த பசை நுழைந்தது. சின்னச் சின்ன அறைகள், காற்றோட்டம் கிடையாது. சில வருடங்களில் இஸ்தான்புல் டாக்டர் முஸாஃபர் அக்ஸாயிடம் ரத்தம் வற்றிய முகங்களோடு செருப்புத் தொழிலாளர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்ற கேள்வியோடு குறித்துக்கொண்டே வந்தார். (நம் டாக்டர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்?) 1974-ல் கணக்கை வெளியிட்டார். சுமார் 28,500 ஷூ தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப்புற்றுநோய். பொதுமக்களிடையே வருடத்துக்கு லட்சத்துக்கு 6 பேர் என்றால், இவர்களிடம் 13. இரு மடங்குக்கும் மேல்!

இத்தாலி 1963-லேயே பென்சீனுக்குச் சட்டம் போட்டு வேலி கட்டியிருந்தது. சரி, பிரச்னை தீர்ந்ததா? பென்சீன் போன இடத்தில் ஹெக்சேன் வந்து உட்கார்ந்தது. இது ரத்தத்தைத் தொடவில்லை, நரம்பைத் தொட்டது. ஜப்பானில் 1960-களில் வீட்டிலேயே செருப்பு ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கை கால் மரத்துப் போனது. 1,662 பேரைச் சோதித்ததில் 93 பேருக்கு நரம்புத் தளர்ச்சி. இந்த நோய் முதலில் பிடிப்பது பாதத்தை. செருப்பு செய்கிறவர்களின் பாதத்தை!

அந்த ஜப்பான் வீடுகளைப் படிக்கும்போது எனக்கு ஆம்பூர்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஃபேக்டரியிலிருந்து மூட்டை மூட்டையாக 'அப்பர்' எனும் மேல்பாகங்கள் வீடுகளுக்குப் போகும். அடுப்பு வேலை முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் தைப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி. நல்லவேளை, அது பெரும்பாலும் ஊசியும் நூலும்தான். விரல் புண்ணாகும், தோள் வலிக்கும். ஆனால், குழந்தை தூங்குகிற அறையில் பசை டப்பா திறந்து கிடக்காது.

டப்பா திறந்து கிடப்பதில் அப்படியென்ன ஆபத்து என்கிறீர்களா? இந்தப் பசையிலிருந்து கிளம்பும் ஆவி காற்றைவிடக் கனமானது. ஹெக்சேன் ஆவி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆகவே மேலே போகாது. தரையோடு தரையாகத் தவழும், பாம்பு மாதிரி. எங்கேயோ ஒரு மூலையில் ஸ்விட்ச் தட்டினால் போதும். 2012 செப்டம்பர் 11 அன்று லாகூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் ஜெனரேட்டரின் தீப்பொறி, ஷூ செய்ய வைத்திருந்த ரசாயனத்தில் பட்டது. சுமார் 25 பேர் வெளியே வரவில்லை. அதே நாளில் கராச்சியில் 250 பேருக்கு மேல் பலிகொண்ட துணி ஆலைத் தீ, லாகூர் செய்தியை விழுங்கிவிட்டது.

அதனால்தான் விவரம் தெரிந்த சூப்பர்வைசர்கள் டப்பா விஷயத்தில் மாமியாரைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள். அடி அகலமாக, வாய் குறுகலாக, பிரஷ் மட்டும் நுழைகிற மூடியோடு டப்பா. முழங்கை படாத இடத்தில், குழி வெட்டிய கட்டைக்குள் அதை உட்கார வைக்க வேண்டும். பெரிய டின்னிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். துடைத்த துணியைக்கூட மூடி போட்ட இரும்புத் தொட்டியில்தான் போட வேண்டும். பாதி பாதுகாப்பு, பாதி கஞ்சத்தனம்! தோலின் முகத்தில் ஒரு சொட்டு விழுந்துவிட்டால் ஈரத்தோடு துடைக்கக் கூடாது, கறை பரவிவிடும். உலரவிட்டு, க்ரேப் ரப்பர் துண்டால் தேய்த்து உருட்டி எடுக்க வேண்டும். அப்படியும் தடம் தெரிந்தால் அந்த ஜோடி கழிவு. யார் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் இந்த டப்பாவுக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது வியட்நாம். அங்கே நைக்கி ஷூ செய்த ஒரு ஃபேக்டரியில் நடந்த தணிக்கை அறிக்கை 1997 நவம்பரில் வெளியே கசிந்தது. தணிக்கை செய்தது நைக்கியே அமர்த்திய நிறுவனம்! பசையில் கலக்கும் டொலுயீன், சில இடங்களில் அந்நாட்டுச் சட்ட வரம்பைப்போல 6 முதல் 177 மடங்கு வரை இருந்தது. ஊழியர்களில் 77 சதவிகிதம் பேருக்கு மூச்சுக் கோளாறு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கொடி பிடித்தார்கள். 1998 மே மாதம் நைக்கியின் தலைவர் ஃபில் நைட் மேடையேறி, தண்ணீரில் கரையும் பசைக்கு மாறுவதாகவும், ஃபேக்டரிக் காற்றுக்கு அமெரிக்கத் தரத்தையே கடைப்பிடிப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

தண்ணீர்ப் பசையிலும் சங்கடம் உண்டு. சீக்கிரம் உலராது. உலர்த்த சூடான சுரங்கப்பெட்டி வேண்டும், அதற்குக் கரன்ட் வேண்டும், காசு வேண்டும். தோலில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இதனால் பழைய பசை இன்னும் உலகத்தைவிட்டுப் போய்விடவில்லை. ஆனால், தண்ணீர்ப் பசை சிந்தினால், காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வஜ்ஜிரத்தைத் துடைத்த மாதிரியே.