சீல்–நீல்சன் சாயமேற்றல்

சீல்–நீல்சன் சாயமேற்றல் என்பது காசநோய், தொழுநோய் ஆகியவற்றை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியங்களை நுண்ணோக்கியில் இனங்காண உதவும் முறை ஆகும். இதில் அக்கிருமிகள் நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்களாகத் தென்படும்.

வரலாறு

1882 மார்ச்சு 24 அன்று இராபர்ட் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை பெர்லினில் அறிவித்தார். சாயமேறிய இக்கிருமிகளை அமிலத்தால் கழுவினாலும் நிறம் நீங்குவதில்லை என்பதை அதே ஆண்டில் பவுல் எர்லிக் கண்டார். பிரான்சு சீல், சாயக் கரைசலில் அனிலினுக்கு மாற்றாகக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார். 1883 இல் பிரீடரிக் நீல்சன் அதனுடன் பியூச்சின் சாயத்தை இணைத்தார்.

அடிப்படை

மைக்கோபாக்டீரியங்களின் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகு போன்ற கொழுப்புப்பொருள் உள்ளது. இதனால் சாதாரணச் சாயங்கள் எளிதில் உட்புகுவதில்லை. கார்பாலிக் அமிலமும் வெப்பமும் சாயத்தை உட்செலுத்துகின்றன. உட்புகுந்த சாயம் அமிலத்தாலும் வெளியேறுவதில்லை. ஆகவே இவை அமிலம் தாங்கும் கிருமிகள் எனப்படுகின்றன.

செய்முறை

1. சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசி, உலர்த்தி, சுடரில் காட்டிப் பதிய வைக்க வேண்டும்.
2. கார்பால் பியூச்சின் கரைசலை ஊற்றி, கொதிக்கவிடாமல் ஆவி எழும்வரை சூடாக்கி, 5 நிமிடம் விட வேண்டும்.
3. நீரால் கழுவியபின், 25% கந்தக அமிலத்தால் நிறம் நீக்க வேண்டும்.
4. மீண்டும் கழுவி, மெத்திலீன் நீலத்தைச் சிறிது நேரம் இட்டுக் கழுவி உலர்த்த வேண்டும்.

தொழுநோய்க் கிருமியின் அமிலம் தாங்கும் திறன் குறைவு என்பதால், அதற்கு மென்மையான அமிலமே பயன்படுத்தப்படுகிறது.

முடிவும் வரம்புகளும்

எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு பொருளருகு வில்லையால் தகடு ஆராயப்படும். கிருமி இல்லை எனக் கூறுமுன் குறைந்தது 100 புலங்களைப் பார்த்தல் வேண்டும். நிறம் சரிவர நீக்கப்படாவிடில், நோயில்லாதவரும் நோயாளியாகக் கருதப்படலாம். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அவை கண்ணில் படும். எனவே குழந்தைகளிடமும் எச்.ஐ.வி. தொற்றுடையோரிடமும் நோய் தவறவிடப்படலாம். கிருமி உயிருள்ளதா, மருந்தை எதிர்ப்பதா என்பனவற்றையும் இம்முறை காட்டாது.

தமிழகத்தில்

1956 இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகும். வீட்டிலிருந்தபடி மருந்து உண்போரும் மருத்துவ விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகின்றனர் என்பதை இம்மையம் 1959 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நோயாளி குணமடைந்தாரா என்பதை அறிய, சளியை நுண்ணோக்கியில் பார்த்தலும் கிருமி வளர்ப்புச் சோதனையும் உதவின. நோயைக் கண்டறிய இன்று மூலக்கூற்றுச் சோதனைகளுக்கு முன்னுரிமை தரப்பட்டாலும், சிகிச்சையின் பலனைத் தொடர்ந்து அறிய நுண்ணோக்கிச் சோதனை பயன்பட்டு வருகிறது.