வாயு விசையாழி நாசில்களின் எல்லைச் சுவரில் படலக் குளிர்விப்பு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வாயு விசையாழியின் எரிஅறையிலிருந்து வெளிவரும் வெப்பவளி முதலில் எதிர்கொள்ளும் உறுப்பு நாசில் வளையமாகும். அதில் சுழலாத வளைந்த தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இரு முனைகளையும் உள்வளையச் சுவரும் வெளிவளையச் சுவரும் பிணைத்துள்ளன. இவையே எல்லைச் சுவர்கள். இன்றைய பெரிய விசையாழிகளில் இவ்விடத்து வளியின் வெப்பநிலை 1500 டிகிரி செல்சியசைக் கடக்கிறது. நிக்கல் கலப்புலோகமோ ஏறத்தாழ 1350 டிகிரியிலேயே உருகிவிடும். காற்றமுக்கியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, சிறு துளைகள் வழியே பரப்பின்மீது படலமாகப் பரவும் காற்றே உலோகத்தைக் காக்கிறது. ஆயினும் இவ்வாறு செலவாகும் காற்று மிகுந்தால் பொறியின் திறன் குறையும். எனவே ‘எவ்வளவு காற்று வேண்டும்’ என்பதே முதலில் எழுந்த வினா. அது ‘அக்காற்று எங்கே செல்கிறது’ என்னும் வினாவாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தகட்டின் உள்ளிருந்து வெளிப்பரப்புக்கு

இரண்டாம் உலகப் போரின்போது நிக்கல் தட்டுப்பாட்டால் நெருக்குண்ட ஜெர்மனி, ஜங்கர்ஸ் ஜூமோ 004 பொறியில் உள்ளீடற்ற தகடுகளை அமைத்து, அவற்றினூடே காற்றைச் செலுத்தியது. 1960இல் பயணிகள் விமானச் சேவைக்கு வந்த ரோல்ஸ் ராய்ஸ் கான்வே பொறியிலும் விசையாழித் தகடுகள் உள்ளிருந்தே குளிர்விக்கப்பட்டன. பரப்பின்மீது காற்றுப் படலம் பரப்பும் ஆய்வோ வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. விமான இறக்கைகளில் படியும் பனியை வெப்பக்காற்றால் நீக்குவது குறித்து 1940களில் வீகார்ட் மேற்கொண்ட ஆய்வு அதன் முன்னோடியாகும். பின்னர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கோல்ட்ஸ்டைனும் உடனாய்வாளர்களும் இத்துறையை வளர்த்தனர். துளையின் வாயை விரித்து அமைத்தால் காற்று மேலெழாமல் பரப்பை ஒட்டிப் படர்கிறது என்பதை 1974இல் அவர்கள் காட்டினர்.

எல்லைச் சுவரின் தனித்தன்மை

சமதளத் தட்டில் கண்ட முடிவுகள் எல்லைச் சுவருக்கு அப்படியே பொருந்தவில்லை. அதே 1974இல் பிளேர் பெரிதாக்கப்பட்ட மாதிரியில் அளந்தபோது, முன்புறப் பிளவிலிருந்து வந்த குளிர்காற்று சுவர் முழுவதும் சீராகப் பரவாமல், தகட்டின் குவிந்த பக்கம் நோக்கி ஒதுங்கியது. மறுபுறத்துச் சுவர் காப்பின்றி நின்றது.

இதன் காரணத்தை 1977இல் லாங்ஸ்டனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட அளவீடுகள் தெளிவாக்கின. சுவரை ஒட்டிய மெதுவான வளி தகட்டின் முன்விளிம்பில் மோதிக் குதிரைலாட வடிவச் சுழலாகப் பிரிகிறது. இரு தகடுகளுக்கு இடையே குழிந்த பக்கத்தில் அழுத்தம் மிகுதி. குவிந்த பக்கத்தில் குறைவு. விரைந்தோடும் நடுவளி இவ்வேறுபாட்டுக்கு ஈடுகொடுத்து வளைந்து செல்கிறது. மெதுவான சுவரோர வளி அவ்வாறு இயலாமல் குறுக்கே தள்ளப்படுகிறது. குவளை நீரைக் கலக்கினால் தேயிலைத் துகள்கள் அடியின் நடுவில் குவிவதும் இதே இயல்பினாலாகும்.

தடம் கண்டு இடம் மாற்றல்

நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் எரிஅறைகள் வந்தபின், வெப்பவளியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு சுருங்கியது. ஓரளவு தப்பியிருந்த எல்லைச் சுவரும் கடும் வெப்பத்துக்கு உள்ளானது. இச்சூழலில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரீட்ரிக்ஸ், ஹாட்சன், டாஸ் ஆகியோரின் 1996ஆம் ஆண்டு ஆய்வு குறிப்பிடத்தக்கது. குளிர்காற்றில் அம்மோனியாவைக் கலந்து, சுவரில் டயசோ தாளை ஒட்டினர். காற்று தொட்ட இடமெல்லாம் தாள் கருத்தது. சுவர் முழுமைக்கும் போதுமான காற்று செலுத்தப்பட்டும், குறுக்கோட்டம் அதனை அடித்துச் சென்றதால் பெரும்பரப்பு குளிராமல் இருந்ததை அத்தடங்கள் உணர்த்தின.

1999இல் அவர்கள் வெளியிட்ட மாற்றமைப்பில் துளைகள் ஓட்டத்தின் போக்கறிந்து இடப்பட்டன. காற்றின் அளவு கூட்டப்படவில்லை. எனினும் காப்புப் பரப்பு விரிந்தது; ஓட்ட இழப்பும் குறைந்தது.

முடிவுரை

எல்லைச் சுவர் வெப்பத்துக்கு ஆளானதற்குக் காற்றின் பற்றாக்குறை மட்டுமே காரணமன்று. வளியோட்டத்தின் போக்கை அறியாது துளையிட்டதும் காரணமாகும். பிளேரின் அளவீட்டுக்கும் கேம்பிரிட்ஜ் மாற்றமைப்புக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது. அக்காலத்தில் பெற்ற அறிவே, காற்றைக் கூட்டாமல் உலோகத்தைக் காக்கும் வழியைத் திறந்தது எனலாம்.