சரதியேலும் ஒரு மதிலும்

நம்மவர்களுக்குத் திருடன் மேல் ஒரு சபலம் உண்டு. பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டோம். இலங்கையின் சரதியேல் விஷயத்தில் நடந்திருப்பதும் இதுதான்.

1832இல் பிறந்தவன். கொழும்பு-கண்டி சாலையில், மாவனல்லைக்குப் பக்கத்திலுள்ள உத்துவன்கந்த குன்று அவன் இருப்பிடம். கண்டியைப் பிடித்த வெள்ளைக்காரன் அதைத் தக்கவைத்துக்கொள்ளப் போட்ட சாலை அது. பிறகு மலைத்தோட்டத்துக் காப்பி மாட்டுவண்டிகளில் அதன் வழியாகத்தான் துறைமுகத்துக்கு இறங்கியது. அரிசி அதன் வழியாகத்தான் ஏறியது. அங்கே வண்டியை மறித்தவன் வெறும் வழிப்பறிக்காரனாக இருந்துவிட முடியாது, அரசாங்கத்துக்கே எதிரியானான். 1864 மே 7ஆம் தேதி கண்டியில் தூக்கிலிட்டார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. சரதியேல் தப்பியிருந்தாலும் அவன் தொழில் தப்பியிருக்காது.

இவ்வளவுதான் சரித்திரம். 'இலங்கையின் ராபின் ஹூட்' என்பது ஐதீகம். ஆங்கிலேயனை எதிர்த்தவனுக்கு ஆங்கிலேயன் கதையிலிருந்தே எடுத்த இரவல் பட்டம். என் சங்கடம் வேறு. அதே நாளில் அவனோடு தூக்கில் தொங்கிய கூட்டாளி மம்மலே மரிக்காரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களைப் பிடிக்கப் போய், அந்த ஆண்டு மார்ச் 21இல் குண்டடிபட்டுச் செத்தவர் சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள். இலங்கைப் போலீஸ் அந்த நாளை அனுசரிக்கிறது. ஜனங்களின் கதையில் அவருக்கு இடமில்லை. அந்நிய அரசின் சம்பளக்காரர் என்பதால் அவர் சாவு ஒரு பொருட்டில்லையா? நானும் ஒரு சம்பளக்காரன் என்ற முறையில் இது எனக்கு உறுத்துகிறது.

யானைக்கவுனிப் பக்கம் நடக்கும்போது இந்த யோசனை இன்னொரு திசையில் திரும்பும். கவுனி இன்று பெயரில்தான் இருக்கிறது. 1770 வாக்கில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுந்த மதிலின் வாசல்களில் ஒன்று அது. மதிலைக் கட்டிய காண்டிராக்டர் பால் பென்ஃபீல்ட், கம்பெனி உத்தியோகஸ்தர். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து, வட்டியில் கொழுத்தவர். கடனுக்கு ஈடு நவாபின் நிலவரி, அதாவது குடியானவனின் நெல். 1785இல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் இந்தக் கடன்களைக் கிழித்துப் பேசினார். பென்ஃபீல்டைத் தூக்கிலிடவில்லை. அவரே அந்தப் பார்லிமெண்டில் மெம்பராக இருந்தவர்தான்.

இதைச் சொல்லிச் சரதியேலைப் புனிதனாக்குவது சுலபமான விமர்சனம். பெரிய கொள்ளை சபானின் சாவை அழித்துவிடாது. திருடனைக் கொண்டாடுகிறவர்கள் அந்த வண்டிக்காரனையும் கான்ஸ்டபிளையும் கூடவே நினைத்தாக வேண்டும். பென்ஃபீல்டையும் அதே திருட்டுக் கணக்கில் எழுதியாக வேண்டும்.