அரை மணி நேரம்

தாத்தாவின் பழைய செய்கோ வாட்சைப் போன மாதம் விற்றேன். முக்குளிப்பவர்களுக்கான 6309 ரகம், 150 மீட்டர் ஆழம் தாங்கும். தாத்தாவுக்கு நீச்சல் தெரியாது. மழை பட்டாலும் ஓடும் என்றுதான் வாங்கினாராம். 1976 முதல் 1988 வரை வந்த ரகம் இது. பின்மூடி எண்ணின் முதல் இலக்கம் ஆண்டைக் காட்டும். 0 என்றால் 1980.

இதற்குச் சாவி கொடுக்க முடியாது, கை அசைந்தால்தான் ஓடும். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், பீடோங் தோட்டத்தில் தாத்தா இருட்டிலேயே பெரட்டுக்குப் போவார். அவர் மரம் வெட்டிய வரை வாட்ச் நின்றதில்லை.

தோட்டத்து நேரம் என்றுமே மேலே இருப்பவர்கள் வைத்ததுதான். 1942இல் ஜப்பான்காரர்கள் மலாயாவின் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளினார்கள். 1945இல் அது திரும்பியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30ஐ நள்ளிரவு 12 ஆக்கினார்கள். சபா, சரவாக்கோடு தீபகற்பத்துக்கும் ஒரே நேரம் வேண்டும் என்பது காரணம். தாத்தாவும் அன்று இந்த முள்ளைத் திருப்பினார். ஆனால் எங்கள் தோட்டத்தில் பெரட்டு மணி மாறவில்லை. “அரை மணி தூக்கத்தப் புடுங்கிட்டானுங்க” என்பார்.

இப்போது ரப்பர் வளையம் இறுகிவிட்டது. உள்ளே ஈரம் ஏறி முகப்பில் கறை. நாளுக்குச் சில நிமிடம் பிந்தும். முகப்பை மாத்திட்டா நல்ல விலை போகும் என்றார் பழுதுபார்ப்பவர். மாற்றவில்லை.

வாங்க வந்தவர், “டைம் சரியா காட்டுமா?” என்று கேட்டார். பழுதுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த அரை மணியையும் சேர்த்துத்தான் சொன்னேன்.