தேயிலை நிறத்து ஏரி

கேமரன் மலையிலிருந்து இறங்கும் தெலோம் ஆறு, ஜெலாய் ஆற்றில் சேர்கிறது. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடும் இடத்தில் பகாங் ஆறு பிறக்கிறது. அந்த ஆற்றோடு கீழே, தெற்கிலிருந்து வரும் இன்னொரு நீரும் கலக்கிறது. பால் விடாத தேநீரைப் போன்ற நிறம் அதற்கு. அது புறப்படும் இடமே தாசேக் பெரா.

'தாசேக்' என்றால் ஏரி. ஆனால் அங்கே திறந்த நீர்ப்பரப்பு குறைவு. பெரும்பகுதி தாழையினத்து ரசாவ் புதரும் கோரையும் சதுப்புக் காடுமே. செமெலாய் பூர்வகுடி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தும், காட்டில் பிசின் எடுத்தும் வாழ்ந்து வருகிறார்கள். வெளியார் பலருக்கோ சதுப்பு என்றால் கொசு வளரும் வீண் நிலம். வடித்துவிட்டுப் பயிரிட வேண்டிய இடம்.

இந்த எண்ணத்தை அளவுகோல் கொண்டு சோதித்தவர்களுள் முக்கியமானவர் மலாயாப் பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் ஹொசே ஃபுர்தாடோ. நம் நாட்டுத் தும்பிகளையும் ஆராய்ந்தவர். 1964இல் தொடங்கிய அனைத்துலக உயிரியல் திட்டத்தின் கீழ், 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், மலேசிய ஜப்பானிய அறிஞர்கள் கூடித் தாசேக் பெராவை ஆராய்ந்தனர். அவர்கள் கேட்ட கேள்வி எளிது: வெயிலைக் கொண்டு செடி எவ்வளவு வளர்கிறது? அதில் எவ்வளவு மீனாகிறது? விடை காண்பதுதான் கடினம். நீரின் புளிப்பையும் அதில் கரைந்துள்ள உயிர்க்காற்றையும் அளக்க வேண்டும். செடியை வெட்டி உலர்த்தி எடை போட வேண்டும். மீன்களை இனம் பிரிக்க வேண்டும்.

நிறத்தின் காரணம் நமக்குப் புதிதல்ல. வெந்நீரில் தேயிலை சாயம் இறங்குவதுபோல, உதிர்ந்த இலையும் மட்கும் மரமும் சதுப்பு நீரில் ஊறிச் சாயம் இறங்குகிறது. அந்த நீர் புளிப்பானது, உரச்சத்துக் குறைந்தது. அதனால்தான் அங்குள்ள ஒருவகை நீர்ச்செடி சிறு பைகளால் பூச்சிகளைப் பிடித்துச் சத்துத் தேடிக்கொள்கிறது! அத்தகைய நீரில் 90க்கு மேற்பட்ட மீனினங்கள் வாழ்வது பதிவாகியுள்ளது. உதிர்ந்த இலை மட்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றைச் சிறு பிராணிகளும், சிறு பிராணிகளை மீன்களும் உண்கின்றன. மரத்தை அழித்தால் மீனுக்கு உலை வைத்தாயிற்று.

ஃபுர்தாடோவும் ஜப்பானிய அறிஞர் மோரியும் தொகுத்த ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. 1994இல் தாசேக் பெரா, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் நம் நாட்டின் முதல் சதுப்பு நிலமாகப் பதிவு பெற்றது. ஆயினும் சுற்றிலும் காடு செம்பனையாகவும் ரப்பராகவும் மாறிவிட்டது. மழை அங்கிருந்து மண்ணையும் உரத்தையும் அடித்துவருகிறது.

மண் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் பெரா வரை போக வேண்டியதில்லை. 1963இல் கட்டி முடிந்த ரிங்லெட் அணையின் நீர்த்தேக்கத்தில், மலைச்சரிவுகளை வெட்டிய மண் சேறாகப் படிந்து, நீர் கொள்ளும் இடம் சுருங்கிற்று. 2013 அக்டோபரில் பெருமழைக்கு அணைநீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் வீடுகளில் புகுந்தன, உயிர்களும் போயின. சேற்றை அள்ளும் வேலைக்குப் பெருஞ்செலவாகிறது.

சதுப்பு நிலத்தை அப்படி அள்ளிச் சீராக்க முடியாது. அதனால்தான் அந்தப் பழைய அளவுகளுக்கு இத்தனை மதிப்பு. தாசேக் பெராவின் நீரை இன்று சோதிப்பவர்கள், அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று அறிய, 1970களில் எடுத்த அந்தக் கணக்கையே எடுத்துப் பார்க்கிறார்கள்.