பூட்டானில் தொலைக்காட்சி வளர்ச்சி

இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே இமயமலையில் அமைந்த சிறிய நாடு பூட்டான். உலகில் தொலைக்காட்சியை மிகவும் காலம் தாழ்த்தி ஏற்றுக்கொண்ட நாடுகளுள் இதுவும் ஒன்றாகும். இங்கு 1999 சூன் 2 அன்றுதான் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது.

பின்னணி

பூட்டானில் 1973 இல் இளைஞர் சங்கம் ஒன்றின் தன்னார்வலர்கள் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கினர். அரசு பின்னர் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1986 இல் அது பூட்டான் ஒலிபரப்புச் சேவை எனப் பெயர் பெற்றது. 1992 இல் அரச ஆணையின்படி தன்னாட்சி நிறுவனமானது.

தொலைக்காட்சி தாமதமானதற்குப் பொருள் வசதிக் குறைவு மட்டும் காரணமன்று. மன்னர் சிக்மே சிங்கே வாங்சுக் முன்வைத்த 'மொத்தத் தேசிய மகிழ்ச்சி' என்னும் கொள்கையின் தூண்களுள் ஒன்று பண்பாட்டுப் பாதுகாப்பு. அயல்நாட்டு நிகழ்ச்சிகள் மொழியையும் வாழ்க்கை முறையையும் மாற்றிவிடும் என்று அரசு அஞ்சியது.

தொடக்கம்

1998 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் தலைநகர் திம்புவில் உள்ள விளையாட்டரங்கில் பெருந்திரையில் காட்டப்பட்டது. மக்களிடம் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. மறு ஆண்டு, மன்னர் முடிசூடியதன் வெள்ளி விழாவின்போது தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இணையமும் அதே ஆண்டில் வந்தது. இவற்றால் நன்மையும் தீமையும் விளையலாம் என்பதால், பகுத்தறிந்து பயன்படுத்த வேண்டும் என மன்னர் அறிவுறுத்தினார்.

கம்பிவடத் தொலைக்காட்சியின் பரவல்

தொடக்கத்தில் தேசிய ஒளிபரப்பு நாளொன்றுக்குச் சில மணி நேரம், சோங்கா, ஆங்கிலம் ஆகிய மொழிகளில், திம்புவில் மட்டுமே கிடைத்தது. மலைகள் அலைகளை மறைப்பதால் அதை மற்ற பகுதிகளுக்குக் கொண்டுசெல்வது எளிதாக இல்லை. உள்நாட்டு நிகழ்ச்சிகளைத் தயாரிக்கப் பணமும் பயிற்சி பெற்றவர்களும் தேவை. அயல்நாட்டு அலைவரிசைகளை வழங்கவோ ஓர் ஏற்பு அலைவாங்கியும் கம்பிவடமுமே போதும். இதனால் தனியார் கம்பிவடச் சேவைகள் விரைந்து பரவின. இந்திய, மேலைநாட்டு அலைவரிசைகள் வீடுகளை எட்டின. மல்யுத்த நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சிறுவர்கள் சண்டையிடுவதாகப் பெற்றோரும் ஆசிரியர்களும் கவலை தெரிவித்தனர். சில அலைவரிசைகள் தடை செய்யப்பட்டன. 2006 இல் தகவல், தொடர்பு, ஊடகச் சட்டம் இயற்றப்பட்டது.

பிற்கால வளர்ச்சி

2006 இல்தான் செயற்கைக்கோள் வழியாகத் தேசிய ஒளிபரப்பு நாடு முழுவதற்கும் விரிந்தது. 2012 இல் இரண்டாவது அலைவரிசை தொடங்கியது.

பல ஆண்டுகள் தொலைக்காட்சியைத் தள்ளிவைத்த நாட்டில், தலைநகருக்கு வெளியே பல ஊர்களில் சொந்த ஒளிபரப்புக்கு முன்பே அயல்நாட்டு ஒளிபரப்பு சென்று சேர்ந்தது. தடையால் வரவைத் தாமதப்படுத்த முடிந்தது. ஆனால் தன் மொழியில் போதிய நிகழ்ச்சிகளை உருவாக்கும் பணி, தடை நீங்கிய பிறகே தொடங்கியது.