மூளை வரைந்த கோடு

ஹற்றன் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் விரல்களுக்கு ஆணையிடுவது மூளை. வழுக்கி வீழ்ந்து முள்ளந்தண்டு நரம்பு அறுந்தவரிடத்தில், ஆணை செல்லும் வழி அற்றுப்போகிறது. ஆணையும் அற்றுவிடுமோ?

நேயர்களே, இதற்கு விடைதேடிய ஆராய்ச்சி வேறொரு நாட்டத்தில் பிறந்தது. மனத்தோடு மனம் பேசுமா என ஆராயப் புகுந்தவர், ஜெர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அது கைகூடவில்லை. ஆயினும், 1924இல் மனித மூளையின் நுண்ணிய மின்னோட்டத்தை முதன்முதலாகக் கோடாகப் பதிவுசெய்தார். ஐந்தாண்டு தயங்கி, 1929இலேயே வெளியிட்டார். அத்தயக்கத்தை நான் குறை கூறேன். நம்பியோர் சிலரே. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மத்தியூசும் அதனை மெய்ப்பித்துக் காட்டினர்.

ஆணை அற்றுவிடுவதில்லை. கழுத்தில் நரம்பு அறுந்து கைகால் வழங்காத அமெரிக்க இளைஞர் ஒருவரின் மூளையில் நுண்ணிய மின்முனைகளைப் பதித்தனர். கையை அசைக்க அவர் எண்ணிய மாத்திரத்தில் கணினித் திரையிற் குறி நகர்ந்தது. செயற்கைக் கையொன்று விரிந்து மூடிற்று. அச்செய்தி 2006இல் வெளியாயிற்று.